கைராசியின் கணக்கு

ஊரில் ஒரு மருத்துவரைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் எங்கே படித்தார் என்பதற்கு முன்னால் அவருடைய கைராசியைத்தான் சொல்வார்கள். அதே மாத்திரையை இன்னொருவர் எழுதிக் கொடுத்தால் கேட்காதாம், இவர் கொடுத்தால் கேட்குமாம். அறிவியல் படித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தபடி நகர்ந்துவிடுவார்கள். மனநல சிகிச்சை விஷயத்தில் அப்படி நகர்ந்துவிட முடியாது. அங்கே கைராசியை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

1980களில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம், மனச்சோர்வுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. அதில் ஒரு பிரிவினருக்கு இமிப்ரமின் என்ற மருந்து. இன்னொரு பிரிவினருக்கு அதே தோற்றத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது போகிறது என்பது வாங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. 2006இல் மெக்கே, இமெல், வாம்போல்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பழைய தரவுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். கொடுத்தது எந்த மாத்திரை என்பதோடு, கொடுத்த மருத்துவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். 9 மனநல மருத்துவர்கள், 112 நோயாளிகள். ஆளுக்கு ஆள் குணமானதில் இருந்த வேறுபாட்டில் மருந்தின் பங்கு சுமார் 3 சதவீதம். மருத்துவர் யார் என்பதன் பங்கு சுமார் 9 சதவீதம். நல்ல பலன் காட்டிய மூன்றில் ஒரு பங்கு மருத்துவர்கள் வெற்று மாத்திரை கொடுத்தபோதுகூட, கடைசி மூன்றில் ஒரு பங்கினர் நிஜ மருந்து கொடுத்துக் கண்டதைவிட அதிக முன்னேற்றத்தைக் கண்டிருந்தார்கள்.

9 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். இதைப் படித்துவிட்டு யாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மருந்து தேவைப்படும் நோய்களுக்கு மருந்து தேவைதான். ஆனால் மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே ஆள் இவ்வளவு முக்கியம் என்றால், பேச்சையே மருந்தாகக் கொண்ட கவுன்சிலிங்கில் எப்படி இருக்கும்? 'போனேன், எனக்கு செட் ஆகலை' என்று சொல்பவர்களை நாம் அலட்சியமாகப் பார்க்கிறோம். அவர்கள் சொல்வதில் சிகிச்சையின் மையமே இருக்கிறது என்பதுதான் கடந்த 40 ஆண்டு ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு அழுத்தமாகப் படுவது.

இந்த 'செட் ஆவதை' உளவியலாளர்கள் சிகிச்சைக் கூட்டுறவு என்கிறார்கள். 1979இல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எதற்காக வந்திருக்கிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு வேண்டும். அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு வேண்டும். இரண்டுக்கும் அடியில் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை வேண்டும். நாம் பொதுவாக மூன்றாவதை மட்டுமே பார்க்கிறோம்: நன்றாகப் பேசினாரா, அன்பாக இருந்தாரா. பிசகுவது பெரும்பாலும் முதல் இரண்டில்தான்.

நம் வீடுகளில் முதலாவது எப்படிப் பிசகும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். பிளஸ் டூ படிக்கும் பையனை அம்மாவும் அப்பாவும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். 'படிப்புல கவனமே இல்லை சார், எப்பப் பாரு போன்' என்கிறார் அப்பா. பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. வகுப்பில் ஒருவன் செய்யும் கேலி தாங்க முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் போடும் சண்டை பயமாக இருக்கிறது. கவுன்சிலர் அப்பா சொன்ன புகாரையே சிகிச்சையின் இலக்காக எடுத்துக்கொண்டு, நேரத்தைத் திட்டமிடுவது எப்படி என்று பாடம் எடுத்தால், பையன் பத்து வாரம் வந்தாலும் ஒன்றும் நகராது. அந்தக் கவுன்சிலர் அன்பானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சிகிச்சை அளித்தது அப்பாவின் கவலைக்கு. பெற்றோரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, 'அவங்க சொல்றது இருக்கட்டும் தம்பி, நீ எது மாறணும்னு நினைக்கிறே?' என்று கேட்பவரிடம்தான் அந்தப் பையனுக்குச் சிகிச்சை தொடங்குகிறது. கணவன் கூட்டிவந்த மனைவிக்கும், மகள் கூட்டிவந்த தாய்க்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாவது பிசகுக்கு நம் நாட்டில் தனி வரலாறே உண்டு. 'என்ன பண்ணணும்னு சொல்லுங்க டாக்டர்' என்று கேட்டுத்தான் இங்கே பலர் வருகிறார்கள். மேற்கிலிருந்து வந்த சில முறைகளிலோ, சிகிச்சையாளர் அறிவுரை சொல்லாமல் இருப்பதே பயிற்சியின் பாதி. மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேக்கி இந்த இடைவெளியை 1973லேயே கவனித்து, இந்திய மனத்துக்கு குரு-சீடர் உறவு ஒரு சிகிச்சை மாதிரியாகலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன தீர்வை நான் முழுக்க ஏற்கவில்லை. குருவிடம் 'நீங்கள் சொன்னது எனக்கு உதவவில்லை' என்று எந்தச் சீடனும் சொல்லமாட்டான், சிகிச்சையில் அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் பார்த்த சிக்கல் உண்மையானது. வழிகாட்டுதல் தேடி வந்தவர் முன்னால் ஒருவர் 45 நிமிடம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால், வந்தவருக்குக் காசு வீணாகிவிட்டதாகத்தான் தோன்றும். தான் ஏன் அறிவுரை சொல்வதில்லை, அதற்குப் பதிலாக என்ன நடக்கப்போகிறது என்று அந்தச் சிகிச்சையாளர் முதல் நாளே இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

இந்தக் கூட்டுறவுக்கும் குணமாவதற்கும் எவ்வளவு தொடர்பு? 2018இல் ஃப்ளூக்கிகரும் அவருடைய குழுவினரும் 295 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 30,000 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றிருந்தார்கள். ஒட்டுறவுக் கெழு 0.28. பலனில் காணும் வேறுபாட்டில் சுமார் 8 சதவீதம் இதோடு சேர்ந்து நகர்கிறது என்று அர்த்தம். எட்டுதானா என்று தோன்றலாம். மனநல சிகிச்சையில் தனித்தனியாக அளக்க முடிந்த காரணங்களில் இவ்வளவு உறுதியாக, முறைக்கு முறை, நாட்டுக்கு நாடு திரும்பத் திரும்பத் தென்படுவது மிகக் குறைவு.

'எனக்குத்தான் மனசு விட்டுப் பேச வரலை, என் மேலதான் தப்பு' என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 2007இல் பால்ட்வின், வாம்போல்ட், இமெல் ஆகியோர் 80 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 331 பேரையும் எடுத்துக்கொண்டு, கூட்டுறவு நன்றாக அமைவது யாரால் என்று பிரித்துப் பார்த்தார்கள். பலனோடு தொடர்புகொண்டிருந்தது சிகிச்சையாளரின் பங்குதான். தன்னிடம் வரும் பலரோடும் பொதுவாக நல்ல உறவை உண்டாக்கத் தெரிந்தவர்களின் நோயாளிகள் அதிகம் தேறினார்கள். ஒரே சிகிச்சையாளரிடம் வந்தவர்களில் சிலருக்கு உறவு சற்றுக் கூடவோ குறையவோ இருந்தது பலனை அவ்வளவாக மாற்றவில்லை. பேச வைப்பது அவருடைய தொழில். அது வரவில்லை என்றால் அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தத் திறமை உள்ளவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்ப்பலகையில் இருக்கும் வருடக் கணக்கு அதிகம் உதவாது. 2016இல் வெளியான ஒரு ஆய்வு 170 சிகிச்சையாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வருடங்கள் கூடக் கூட அவர்களுடைய பலன் சராசரியாகக் கூடவில்லை. மிக லேசாகக் குறையவே செய்தது. அவர்களிடமே கேட்டும் பயனில்லை. 2012இல் மனநலத் துறையினர் 129 பேரிடம் தங்களைத் தாங்களே மதிப்பிடச் சொன்னபோது, சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது 2005இல் ஹன்னனும் லாம்பர்ட் முதலானோரும் செய்த ஆய்வு. சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யார் இன்னும் மோசமாகப் போகிறார் என்று சிகிச்சையாளர்களையே முன்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். 3 பேரைச் சொன்னார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். இவர்கள் சொன்ன மூவரில் ஒருவர்தான் அந்த 40க்குள் இருந்தார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்களுக்குச் சரிவரவில்லை என்பது அவருக்குத் தானாகத் தெரிந்துவிடாது. தெரிய வேண்டுமானால் ஒன்று நீங்கள் சொல்ல வேண்டும், இல்லை அவர் கேட்க வேண்டும். ஒவ்வொரு அமர்விலும் ஒரு சின்னக் கேள்வித்தாளைக் கொடுத்து, 'இன்று நீங்கள் பேச வந்ததைப் பேசினோமா, நான் உங்களைப் புரிந்துகொண்டேனா' என்று கேட்டுக் குறித்துவைக்கும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடலாம். இருக்கிறது என்றால் நல்ல அறிகுறி.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருத்தமும் இதமும் ஒன்றல்ல.

ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோயை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்குக் கை சுத்தமாக இல்லை என்ற எண்ணம் விடாமல் வருகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழுவுகிறாள். கழுவி முடித்ததும் அம்மாவிடம் கையை நீட்டி, 'இப்ப சுத்தமாம்மா?' என்கிறாள். அம்மா 'சுத்தம்தாண்டி' என்கிறார். பத்து நிமிடம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் சந்தேகம். இந்தப் பெண் கவுன்சிலரிடம் போகிறாள். கவுன்சிலர் கனிவானவர். ஒவ்வொரு வாரமும் அவள் பயங்களைப் பொறுமையாகக் கேட்டு, 'ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதே' என்கிறார். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போகிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கழுவும் நேரம் ஒரு மணியாகியிருக்கிறது. ஏனென்றால் ஆறுதல் கேட்டு வாங்குவதும் கழுவுவதும் இந்த நோயில் ஒரே வேலையைச் செய்கின்றன. பயத்தை அந்த நேரத்துக்கு அடக்கி, 'இதைச் செய்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கின்றன. அம்மா செய்துவந்த வேலையைக் கவுன்சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார்.

1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், கடுமையான ஓ.சி.டி. இருந்த இரண்டு பேரை மருத்துவமனையில் வைத்து, நர்ஸ்கள் கூடவே இருக்க, பயத்தை எதிர்கொள்ள வைத்துச் சடங்குகளை மட்டும் செய்யவிடாமல் பார்த்துக்கொண்டார். இருவரும் தேறினார்கள். அதிலிருந்து வளர்ந்த இ.ஆர்.பி. என்ற முறைதான் இன்றும் இந்த நோய்க்கான பேச்சு சிகிச்சைகளில் முதலிடத்தில் இருக்கிறது. இப்போது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பயங்களை ஏணிப்படிபோல வரிசையாக எழுதி, கீழ்ப்படியிலிருந்து, அவருடைய சம்மதத்தோடு ஏறுகிறார்கள். கம்பியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார வேண்டும். பதற்றம் ஏறும். கழுவாமலேயே அது தணிவதையோ, தணியாவிட்டாலும் தாங்க முடிவதையோ அவர் தன் உடம்பாலேயே அறிந்துகொள்கிறார். அந்த அறையில் நடப்பது கொஞ்சமும் இதமாக இருக்காது. அதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு எதிரே இருப்பவர் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்பதுதான் அங்கே பொருத்தம். ஓ.சி.டி.க்காகப் போகிறவர்கள் 'நீங்கள் இ.ஆர்.பி. செய்வீர்களா, எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். ஏதேனும் ஒன்றின் மேல் கடும் பயம், பெரும் விபத்து அல்லது வன்முறைக்குப் பிறகு வரும் மனக்காயம் போன்றவற்றுக்கும் இதைப் போலக் குறிப்பான முறைகள் உண்டு. அன்பு மட்டும் அங்கே போதாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் தொடங்கி டொரன்டோ வரை நம்மவர்களுக்கு இது நாள்தோறும் வரும் பிரச்சினை. 2003இல் ஹாரிஸ் முதலானோர் துருக்கிய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களின் தோலில் மின்கடத்தலை அளந்தபடி சொற்களைக் கேட்க வைத்தார்கள். சின்ன வயதில் பெரியவர்கள் திட்டும் வார்த்தைகளைத் தாய்மொழியில் கேட்டபோது உடம்பு கூடுதலாகத் துணுக்குற்றது. அதே வார்த்தைகளை ஆங்கிலத்தில் கேட்டபோது அவ்வளவு இல்லை. 'தண்டச்சோறு' என்று பத்து வருடம் கேட்டு வளர்ந்தவரிடம் அதை ஆங்கிலத்தில் விவரிக்கச் சொன்னால் செய்தி வந்துசேரும், வலி வீட்டிலேயே தங்கிவிடும். க்ரைனரும் ஸ்மித்தும் 2006இல் 76 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அவரவர் மொழியிலேயே நடந்த சிகிச்சைகள் ஆங்கிலத்தில் நடந்தவற்றைவிட இரண்டு மடங்கு பலன் தந்திருந்தன. சிலருக்கு மட்டும் நேர்மாறாக, வெட்கப்படும் விஷயங்களைச் சொல்ல ஆங்கிலம்தான் கைகொடுக்கும். வேற்றுமொழி தரும் அந்தத் தள்ளி நிற்கும் வசதிக்கும் பயன் உண்டு. எப்படியானாலும், நினைத்த இடத்தில் தமிழுக்குத் தாவ முடிகிற அறை வேண்டும். 'ஐயோ, இதை எப்படிச் சொல்றது' என்று நீங்கள் திணறும் நேரத்தில் எதிரே இருப்பவர் 'தமிழ்லயே சொல்லுங்க' என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். இனம் ஒன்றாக இருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. தன் இனத்தவரைப் பலர் விரும்பித் தேடுகிறார்கள். ஆனால் அப்படி அமைவதால் பலன் கூடுவதாக 2011இல் கப்ராலும் ஸ்மித்தும் செய்த தொகுப்பில் ஏறக்குறைய ஒன்றுமே தென்படவில்லை.

எல்லாம் சரியாக அமைந்தாலும் நடுவில் ஒருநாள் விரிசல் விழும். ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோபர் முரான் என்ற இருவர் இந்த விரிசல்களையே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சிலர் நேராகக் கோபப்படுவார்கள். மற்றவர்கள் உள்ளுக்குள் சுருங்கி விலகுவார்கள். நாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. 'சரிங்க டாக்டர்', 'பரவாயில்லைங்க மேடம்' என்று சிரித்த முகத்தோடு கும்பிட்டு எழுந்து வந்துவிட்டு, அடுத்த வாரம் போக மாட்டோம். போன் வந்தால் 'ஊர்ல இல்லைங்க' என்போம். உலக அளவில் பேச்சு சிகிச்சை தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்.

நிற்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும். 'போன தடவை மாமியார் விஷயம் சொன்னப்போ நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கன்னு சொன்னீங்க மேடம். அது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, வீட்டுக்குப் போயி அழுதேன்.' இதைச் சொல்லத் தொண்டை அடைக்கும். ஆனால் அதற்கு வரும் பதிலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் இருக்கும். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே, நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க' என்று வந்தால், வேறு இடம் பார்க்கலாம். 'நல்லவேளை சொன்னீங்க. நான் அவசரப்பட்டுட்டேன் போல. அந்த வார்த்தை கேட்டப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?' என்று வந்தால் இருங்கள். விரிசலைப் பேசிச் சரிசெய்துகொண்டவர்களுக்குச் சிகிச்சையின் பலனும் நன்றாகவே இருந்திருக்கிறது. மாமியாரிடமும் கணவரிடமும் சொல்ல முடியாமல் விழுங்கியதை, தண்டனை வராத ஓரிடத்தில் முதல்முறையாகச் சொல்லிப் பார்ப்பதே அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சையின் பெரும்பகுதியாக இருக்கலாம்.

எத்தனை அமர்வு பொறுத்திருப்பது? 1986இல் ஹோவர்டும் உடனிருந்தவர்களும் செய்த கணக்குப்படி, எட்டு அமர்வுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. கூட்டுறவு அமைகிறதா என்பது அதற்கு முன்பே, மூன்று நான்கு அமர்வுகளில் புலப்பட்டுவிடும். முதல் நாள் சங்கடத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்தரங்கம் பேசினால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, தேர்ந்தெடுக்க ஆளே இல்லாத இடங்களைப் பேசாமல் விட முடியாது. பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான கோளாறு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் நீண்ட வரிசைக்குப் பிறகு கிடைக்கும் சில நிமிடங்களில், 'இவர் எனக்குப் பொருத்தமா' என்ற கேள்விக்கு இடமேது? அங்கேயும் போர்டின் சொன்ன முதல் இரண்டையாவது நாம் கையோடு கொண்டுபோகலாம். என்ன கஷ்டம், எது மாறினால் போதும் என்று நாலு வரி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கு உளவியலாளரோ மனநல சமூகப் பணியாளரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும், தமிழிலேயே, கட்டணமின்றி அழைக்கலாம்.

தனியாரிடம் போகிறவர்கள் தகுதியைக் கேட்கத் தயங்க வேண்டாம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநலம் படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்சிலர் என்ற பலகைக்குப் பின்னால் முதுகலை உளவியல் படித்தவரும் இருக்கலாம், சில வாரச் சான்றிதழ் வகுப்போடு நின்றவரும் இருக்கலாம். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம்.

நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதமில்லாமல் வீட்டாரிடம் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது அல்லது தொடுவது, உங்கள் சாதியையோ பாலுணர்வையோ இழிவாகப் பேசுவது, இவை பொருத்தமின்மைக் கணக்கில் வராது. அவை தவறுகள். அங்கே மூன்று அமர்வு பொறுக்கும் பேச்சே இல்லை, அன்றே எழுந்து வந்துவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ரகசியம் காக்கப்படுவதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது.

மற்றபடி மாறுவது துரோகமாகாது. நல்ல சிகிச்சையாளர்கள் தாங்களே வேறொருவரைப் பரிந்துரைப்பார்கள். 'எனக்கு யார் சரியா வருவாங்கன்னு நினைக்கிறீங்க?' என்று அவரிடமே கேட்கலாம். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உங்கள் அடிப்படை மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவதற்கு முன், பழைய இடத்தில் எது உதவியது, எது உதவவில்லை, எந்த இடத்தில் வாயடைத்துப் போனீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் அதைக் குறித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள்.